அரிச்சுவடியும் ஆராய்ச்சிப் பட்டமும்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள், எழுத்தறிவையும் மொழிக்கல்வியையும் பற்றிப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து முனைவர் பட்டம் பெறுதல் நம் இளைஞர்க்குத் தக்க தொழிலா என்பதாகும். திருமண மண்டபக் கட்டட நிதி பற்றியும் வரவு செலவு பற்றியும் காலைமுதற் பேசிக் களைத்திருக்கும் இவ்வவைக்கு இப்பொருள் சற்றே உலர்ந்ததாகத் தோன்றலாம். ஆயினும் நம் கல்வி நிதிக்கு வந்துள்ள விண்ணப்பம் ஒன்று, இதனை இன்று பேசியே தீரவேண்டிய பொருளாக ஆக்கிவிட்டது.

நம் குடும்பங்களுள் ஒன்றிற் பிறந்த பெண்மணி ஒருவர், தொடக்கப் பள்ளியொன்றில் ஆறாண்டு ஆசிரியையாக இருந்தவர், கல்வியியலில் முதுநிலைப் பட்டமும் பெற்றவர், தமிழ்ப் பிள்ளைகள் படிக்கக் கற்கும் வகையை ஆராய்வதற்கு முழுநேர மாணவியாகச் சேர விரும்பி மூன்றாண்டுக்கு உதவி கேட்டிருக்கின்றார். நிதிக்குழுவில் அது படிக்கப்பட்டபொழுது பெரியவர் ஒருவர் என்னை நோக்கி, "மருத்துவம் என்றால் கொடுக்கலாம், பொறியியல் என்றாலும் கொடுக்கலாம். அ, ஆ சொல்லிக்கொடுக்க டாக்டர் பட்டம் எதற்கு, வாத்தியாரையா?" என்று வினவினார். அவர் நம் நிதிக்கு முதன்முதற் பொருள் ஈந்தோருள் ஒருவர். கேலியாகக் கேட்டவர் அல்லர். அவ்வினா அவர் ஒருவருடையதும் அன்று. நம் ஊர்களில் கற்றவர் கல்லாதவர் யாவர் மனத்திலும் உள்ள வினா அது. ஆதலின் குழுவில் இரண்டு சொற்களில் விடை சொல்லி முடியாமல், அவைத்தலைவரிடம் அரைமணி நேரம் கேட்டுப் பெற்றேன்.

உண்ட சோறு எவ்வாறு செரிக்கின்றது என்பதை உண்பவன் அறியவேண்டுவதில்லை. செரியாதபொழுது அதனை அறிந்தான் ஒருவன் ஊரில் இருத்தல் வேண்டும். படிப்பும் அத்தகையதே. நாம் எல்லோரும் படிக்கக் கற்றோம்; எப்படிக் கற்றோம் என்பது நம்முள் ஒருவருக்கும் நினைவில் இல்லை. கற்பித்த ஆசிரியர் முகமும் அவர் கையிலிருந்த பிரம்பும் நினைவிருக்கும். கரிய கோடுகளாக இருந்தவை எந்த நாளில் 'மரம்' என்று பேசத் தொடங்கின என்பது நினைவிராது. எளிதாகக் கற்ற பிள்ளைக்கு இதனால் கேடு ஒன்றும் இல்லை. ஐந்தாண்டு பள்ளியில் அமர்ந்தும் அக்கோடுகள் வாய் திறவாத பிள்ளை ஒன்று உண்டு. அதற்கு 'மந்தம்' என்று பெயரிட்டுப் பின்வரிசைக்கு அனுப்புகின்றோமே, அதுவே இங்கு நம் கவலை.

அத்தகைய பிள்ளைகள் சிலரே என்று எண்ணவேண்டா. 1951ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் இந்நாட்டில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 18 பேர். 2011ஆம் ஆண்டுக் கணக்கில் 74 பேர். அறுபது ஆண்டில் இவ்வளவு ஏறியது பெருமைதான். ஆனால் 2022ஆம் ஆண்டில் 'ஏசர்' என்னும் கல்விநிலை அறிக்கைக்காகத் தொண்டர்கள் நாடெங்கும் நாட்டுப்புற வீடுகளுக்குச் சென்று, பிள்ளைகளிடம் சிறு பகுதியொன்றைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். ஐந்தாம் வகுப்பினருள் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க வல்லார் நூற்றுக்கு 42.8 பேரே. 2018இல் அது 50.5ஆக இருந்தது, இடையிற் பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்தமை இவ்வீழ்ச்சிக்கு ஒரு காரணம். அவ்விடர் வருமுன்னரே பாதிப்பேர் படிக்க இயலாதிருந்தனர் என்பதை மறத்தல் ஆகாது. இப்பிள்ளைகள் பள்ளிக்கு வராதவர் அல்லர். நாள்தோறும் வந்து அமர்ந்தவர். பள்ளி கட்டினோம், ஆசிரியரை வைத்தோம், புத்தகமும் உணவும் கொடுத்தோம். அதற்குமேலும் ஏதோ ஒன்று நமக்குத் தெரியாமல் இருக்கின்றது. தெரியாததைத் தெரிந்துகொள்ளும் தொழிலுக்கே ஆராய்ச்சி என்று பெயர்.

இனி, அரிச்சுவடி கற்பிக்கும் முறையில் ஆராயவும் எழுதவும் என்ன இருக்கின்றது என்பார்க்கு நம் சென்னப்பட்டணத்திலேயே நிகழ்ந்த செய்தி ஒன்றைச் சொல்வேன். ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காத்லாந்துப் பாதிரியார் 1787இல் சென்னைக்கு வந்தார். 1789இல் எழும்பூரில் படைவீரர்தம் ஆதரவற்ற ஆண்மக்களுக்கென ஒரு விடுதிப்பள்ளி தொடங்கப்பட, அதனை நடத்தும் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. அங்கிருந்த துணையாசிரியர்களால் பிள்ளைகளுக்கு எழுத்து ஏறவில்லை. ஒருநாள் அவர் நம்மவர் பள்ளியொன்றைக் கடந்து சென்றபொழுது, சிறுவர்கள் தரையிற் பரப்பிய மணலில் விரலால் எழுத்தெழுதிக் கற்பதைக் கண்டார். தம் பள்ளியிலும் அவ்வாறே செய்யுமாறு துணையாசிரியரைப் பணித்தார். அவர்கள் அது ஆகாது என்றார்கள். பெல் அவர்களோடு வாதிடவில்லை. எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை அழைத்து, 'நீ இவர்களுக்குக் கற்பி' என்று கீழ்வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். ஆசிரியரால் ஆகாதது சிறுவனால் ஆயிற்று. அதன்பின் பள்ளி முழுவதையும் மூத்த பிள்ளைகளைக்கொண்டு இளைய பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையில் அமைத்தார்.

நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மணலெழுத்தும் சட்டாம்பிள்ளையும் எத்தனை தலைமுறையாக இருந்தனவோ அறியோம். பெல் செய்தது ஒன்றே: கண்டதை எழுதினார். 1796இல் தாய்நாடு திரும்பி, மறு ஆண்டே சென்னைப் பள்ளியில் தாம் செய்து பார்த்ததை ஒரு சிறுநூலாக இலண்டனில் அச்சிட்டார். 1811இல் இங்கிலாந்துத் திருச்சபையார் ஏழைப்பிள்ளைகளின் கல்விக்கென ஒரு சங்கம் நிறுவியபொழுது அம்முறையையே மேற்கொண்டனர். அதற்கு 'மதராஸ் முறை' என்றே பெயர் வழங்கிற்று. ஆயிரக்கணக்கான பள்ளிகளில் அது பரவியது. பெல்லின் உடல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில், அரசர் துஞ்சும் இடத்தில், அடக்கம் செய்யப்பெற்றது. மணலைப் பரப்பிப் பிள்ளைகளை உட்காரவைத்த அந்தத் திண்ணை வாத்தியாரின் பெயரோ காற்றோடு போயிற்று. பெல் எதையும் களவாடினார் என்று யான் குறைகூறவில்லை; தாம் அதனை எங்கே கண்டார் என்பதை அவரே ஒளியாது கூறியிருக்கின்றார். நம்மவர் எழுதிவைக்கவில்லை என்பதுதான் என் குறை. இருநூறு ஆண்டு கழிந்தும் இக்குறை தீர்ந்தபாடில்லை. வகுப்பறையில் முப்பதாண்டு பழகிய நல்லாசிரியர் ஒருவர் ஓய்வுபெறும்பொழுது சந்தனமாலையும் சால்வையும் கொடுத்து அனுப்புகின்றோம். அவர் அறிந்ததெல்லாம் அவரோடு வீட்டுக்குப் போய்விடுகின்றது.

கண்டதை எழுதுதல் மட்டும் ஆராய்ச்சி ஆகாது. முறையாகக் காணுதல் வேண்டும். அதற்கு நியூசிலாந்து நாட்டு மேரி கிளே அம்மையார் செய்ததைக் காட்டுவேன். இவர் 1926இல் பிறந்தவர். பள்ளியாசிரியையாகத் தொழில் தொடங்கி, மணந்து, இரு மக்களுக்குத் தாயாகி, 1966இல் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அப்பொழுது அவருக்கு வயது நாற்பது. அவர் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறிது. பள்ளியிற் சேர்ந்த முதலாண்டில் பிள்ளை படிக்கத் தொடங்குவது எவ்வாறு என்பதே. அந்நாட்டில் ஐந்தாம் பிறந்தநாளன்று பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவர். அம்மையார் அவ்வாறு சேர்ந்த நூறு பிள்ளைகளை எடுத்துக்கொண்டு, வாரந்தோறும் ஒவ்வொருவர் பக்கத்திலும் அமர்ந்து, அவர்கள் படிப்பதைக் கேட்டு, ஓராண்டு முழுவதும் குறித்துவந்தார்.

எப்படிக் குறித்தார் என்பதை நம் ஆசிரிய அன்பர்கள் கருத்தூன்றிக் கேட்கவேண்டும். பிள்ளை சரியாகப் படித்த சொல்லுக்கு ஒரு குறி. வேறு சொல்லைச் சொன்னால் அச்சொல்லையே எழுதிக்கொள்வார். தயங்கி நின்றால் அதற்கொரு குறி. முன்சென்று மீண்டும் படித்தால் அதற்கொன்று. பிறர் சொல்லாமல் தானே பிழையைத் திருத்திக்கொண்டால் அதற்கு வேறொன்று. திருத்துவதும் இல்லை; அதட்டுவதும் இல்லை. இவ்வாறு குறித்துப் பார்த்தபொழுது, நன்றாக முன்னேறும் பிள்ளை பிழையே செய்யாத பிள்ளை அன்று, தன் பிழையைத் தானே கண்டு திரும்புகின்ற பிள்ளை என்பது புலனாயிற்று. ஆசிரியர் கையிற் சிவப்பு மையோடு நிற்குமளவும் இவ்வுண்மை கண்ணிற் படாது. மேலும், பிள்ளைக்கு எழுத்துத் தெரியுமுன் புத்தகம் என்பது என்ன என்று தெரிகின்றதா என்று அறியவும் அவர் ஒரு வழி கண்டார். சில பக்கங்களைத் தலைகீழாக அச்சிட்ட சிறு புத்தகம் ஒன்றைக் கொடுத்து, 'எங்கிருந்து படிக்கவேண்டும், காட்டு' என்பார். எழுத்தைக் காட்டும் பிள்ளையும் உண்டு, படத்தைக் காட்டும் பிள்ளையும் உண்டு. நம் வீடுகளில் நாட்காட்டியையன்றி வேறு அச்செழுத்தைக் காணாத பிள்ளை எதைக் காட்டும் என்று நினைத்துப் பாருங்கள்.

அவ்வாராய்ச்சியிலிருந்து, பின்தங்கிய ஆறு வயதுப் பிள்ளைக்கு நாள்தோறும் அரைமணி நேரம் தனியே கற்பிக்கும் திட்டம் ஒன்று எழுபதுகளிற் பிறந்து, அமெரிக்கா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளிலும் பரவிற்று. அம்மையார் 2007இல் மறைந்தார். அத்திட்டம் குறையற்றது என்று சொல்லவரவில்லை. எழுத்தொலிகளை முறையாகக் கற்பியாமல், படத்தையும் பொருளையும் கொண்டு சொல்லை ஊகிக்க விடுகின்றது என்று அறிஞர் பலர் அதனைக் கண்டித்தனர். 2022இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, அதிற் பயின்ற பிள்ளைகள் சில ஆண்டு கழித்துத் தம்மையொத்த பிறரினும் பின்தங்கினர் என்று காட்டிற்று. ஒருவர் ஆராய்ந்து கண்டதை மற்றொருவர் ஆராய்ந்து மறுக்கின்றார். நம் உரையாசிரியர்கள் ஒருவரையொருவர் மறுத்ததும் இவ்வாறுதானே? மறுப்பதற்கு முதலில் ஒன்று எழுதப்பட்டிருக்கவேண்டும். தமிழ்ப்பிள்ளை படிக்கும் வகையைப் பற்றி மறுக்கத்தக்க அளவிற்கேனும் நம்மிடம் எழுதிய நூல் நிரம்ப உண்டா என்றால் இல்லை. ஆங்கிலத்தைப் பற்றி அலமாரி அலமாரியாக உண்டு.

ஆங்கிலத்திற்குக் கண்டதை அப்படியே எடுத்துத் தமிழுக்கு வைத்துக்கொள்ளலாமே எனின், ஆகாது. என்னை? ஆங்கிலப் பிள்ளை கற்கவேண்டிய எழுத்து 26. பெரியதும் சிறியதுமாக வடிவம் இரண்டாயினும் ஓராண்டில் முடிந்துவிடும். அவன் துன்பம் அதற்குப் பின்னர், ஓரெழுத்துக்குப் பல ஒலியும் ஓரொலிக்குப் பல எழுத்துமாக மயங்குமிடத்துத் தொடங்குகின்றது. தமிழ்ப்பிள்ளைக்கு உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, ஆக 247. வடிவங்களைக் குறியும் எழுத்துமாகப் பிரித்துக் கற்றால் இத்தனை இல்லை என்பது உண்மையே. அவ்வாறு பிரிக்கலாம் என்பதைப் பிள்ளை எந்த வயதில் உணர்கின்றது? அதுதான் கேள்வி. நம் அண்டை மொழியாகிய கன்னடத்தில் சோனாலி நாக் என்னும் அம்மையார் ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரையில், பிள்ளைகள் எழுத்துத்தொகுதி முழுவதையும் கைவரப்பெறப் பல ஆண்டுகள் ஆகின்றன என்றும், எழுத்துக்குள் அடங்கிய தனித்தனி ஒலிகளைப் பிரித்தறியும் திறம் மெல்லவே வளர்கின்றது என்றும் காட்டினார். ஒன்றாம் வகுப்பிலேயே எல்லா எழுத்தும் வந்துவிட வேண்டும் என்று பிள்ளையை அடிக்கும் பெற்றோர் இதனை அறிந்தால் பிரம்பைக் கீழே வைப்பார்கள்.

தமிழில் இன்னும் நுட்பமான இடங்கள் உண்டு. 'கா' என்பதில் ஒலியும் முறையே, எழுத்தும் முறையே. முதலில் மெய், பின்னர் உயிர்க்குறி. 'கெ' என்பதிலோ ஒற்றைக்கொம்பு முன்னே நிற்கின்றது, அதன் ஒலி பின்னே வருகின்றது. 'கொ' என்பதில் குறி இருபுறமும் நின்று மெய்யை நடுவே வைத்துக்கொள்கின்றது. இடமிருந்து வலமாகப் படி என்று சொல்லிக்கொடுத்த வாத்தியார் இங்கே அவ்விதியை மீறுகின்றார். பிள்ளைக்குக் காரணம் சொல்லுவதும் இல்லை. உகர ஊகாரங்களோ 'கு', 'சு', 'டு', 'பு', 'மு' என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகையாகக் கால் மடக்கும். 1978இல் தமிழ்நாட்டரசு ணா, றா, னா முதலாகவும் ணை, லை, ளை, னை ஈறாகவும் 13 எழுத்துக்களின் பழைய வடிவை மாற்றி மற்றவற்றோடு ஒருதன்மையாக்கியது. அம்மாற்றத்தால் பிள்ளைகளின் படிப்பு எவ்வளவு எளிதாயிற்று என்று யாரேனும் பள்ளியில் அமர்ந்து அளந்து சொன்னதை யான் படித்ததில்லை. அச்சுக்கோப்பார்க்கு எளிதாயிற்று, தட்டச்சர்க்கு எளிதாயிற்று என்றே பேசினோம்.

எழுத்தைவிடப் பெரிய மேடு ஒன்று உள்ளது. நம் பிள்ளை வீட்டிற் பேசுவது ஒரு தமிழ். புத்தகத்திற் காண்பது மற்றொரு தமிழ். 1959இல் சார்லஸ் பெர்குசன் என்னும் அமெரிக்க மொழிநூலார், அரபு, கிரேக்கம் முதலிய மொழிகளில் உயர்வழக்கும் பேச்சுவழக்கும் இரண்டாகப் பிரிந்து நிற்பதை ஆராய்ந்து அதற்கு ஒரு பெயரும் இட்டார். நாம் அதனை இரட்டை வழக்கு என்கின்றோம். தமிழ் அவ்வகைக்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு என்பதைப் பின்வந்தோர் பலர் விளக்கினர். பள்ளியில் இதனால் விளைவது என்ன? 'பூனை பானைக்குள் இருக்கிறது' என்று புத்தகத்தில் இருக்கின்றது. பிள்ளை அதனைப் பார்த்து, 'பூனை பானைக்குள்ள இருக்கு' என்று படிக்கின்றது. ஆசிரியர் பிழை என்று தலையிற் குட்டுகின்றார். மற்றொரு பிள்ளை 'இ-ரு-க்-கி-ற-து' என்று எழுத்தெழுத்தாகப் பிழையின்றிக் கூட்டிப் படிக்கின்றது. ஆசிரியர் 'சபாஷ்' என்கின்றார். பூனை எங்கே இருக்கின்றது என்று இருவரையும் கேட்டுப் பாருங்கள். முதற் பிள்ளை பானை என்று சொல்லும். இரண்டாவது பிள்ளை பெரும்பாலும் விழிக்கும். இவற்றுள் படித்தது எது? கிளே அம்மையாரின் குறியேட்டில் முதற் பிள்ளையின் 'இருக்கு' என்பதைப் பிழை என்று எழுதுவதா, பொருளுணர்ச்சி என்று எழுதுவதா? ஆங்கிலேயர்க்கு இவ்வினா இந்த வடிவில் எழவே எழாது. தமிழாசிரியனே இதற்கு விடை தேடவேண்டும்.

யான் இலக்கணம் கற்ற பண்டிதன். செந்தமிழ் வழுவாமல் எழுதவேண்டும் என்னும் கட்சியைச் சேர்ந்தவன். பேச்சுத்தமிழை அப்படியே அச்சிட்டு விடுங்கள் என்று யான் ஒருநாளும் சொல்லேன். ஆயினும் ஆறு வயதுப் பிள்ளை வீட்டுத் தமிழிலிருந்து ஏட்டுத் தமிழுக்கு எந்தப் படிகளில் ஏறுகின்றது, எந்தப் படியில் வழுக்குகின்றது என்பதை அறியாமல் செந்தமிழைக் காப்பாற்றுவது எங்ஙனம்? எட்டாம் வகுப்பில் என்னிடம் வரும் மாணவர் சிலர் செய்யுளை மனப்பாடமாக ஒப்பிக்கின்றனர். உரைநடைப் பத்தி ஒன்றைப் படித்துப் பொருள் சொல்லத் திணறுகின்றனர். அவ்வோட்டை அடித்தளத்தில் விழுந்தது. அதன்மேல் நன்னூலை ஏற்றினால் நிற்குமா?

நம் விண்ணப்பக்காரர் ஆராய விரும்புவதும் இவ்விரட்டை வழக்கைப் பற்றியதே. இரண்டு பள்ளிகளில் முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகள் உரக்கப் படிப்பதைப் பதிவு செய்து, அவர்கள் எங்கெங்கே ஏட்டுச் சொல்லை வீட்டுச் சொல்லாக மாற்றுகின்றனர், எந்த மாற்றம் பொருள் விளங்கியதால் வந்தது, எது எழுத்து விளங்காமையால் வந்தது என்று வகுத்துக் காட்டுவது அவர் எண்ணம். அவர் எழுதிய திட்டத்தை யான் இருமுறை படித்தேன். தலைப்புச் சற்று நீளம். மற்றபடி நேர்மையான வேலை.

எழுத்தறிவு என்பது பிள்ளைகளோடு முடிவதும் அன்று. 1991, 1992 ஆம் ஆண்டுகளில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்ததை இங்குள்ள பலர் கண்ணாற் கண்டிருப்பீர்கள். கல்லுடைக்கும் பெண்டிரும் வயலிற் களையெடுக்கும் பெண்டிரும் இரவில் விளக்கடியில் அமர்ந்து எழுத்துக் கற்றார்கள்; அவர்களுள் ஆயிரக்கணக்கானோர் மிதிவண்டி ஓட்டவும் கற்றார்கள். கைந்நாட்டுக்குப் பதில் கையெழுத்திட்டு மனுக்கொடுத்தார்கள். பிற்காலத்தில் பிரான்சிஸ் கோடி என்பார் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து புதுக்கோட்டைக்கு வந்து, தமிழ் கற்று, அவ்வியக்கத்தாரோடு பழகி, அதனையே முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்து, 2013இல் பெருநூலாக வெளியிட்டார். கையெழுத்திடுதல் என்னும் ஒரு செயல் நாட்டுப்புறப் பெண்ணுக்கு என்னவாகப் பொருள்படுகின்றது என்று அவர் கேட்டார். தன் பெயரை மட்டும் எழுதத் தெரிந்தவர் எழுத்தறிந்தவர் ஆவாரா? ஆகார் எனின், அப்பெயரை எழுதிய நாளில் அவர் முகம் ஏன் மலர்ந்தது? கடல்கடந்து வந்த ஒருவர் கேட்கவேண்டியதாயிற்று. அவரைப் போற்றுகின்றேன். நம் வீட்டுப் பாட்டிமாரைப் பற்றி நம் வீட்டுப் பெண் ஒருத்தி எழுத முன்வரும்பொழுது 'எதற்கு' என்று கேட்பதுதான் எனக்குப் புரியவில்லை.

பழைய தமிழாராய்ச்சியை இதனால் யான் இழித்துரைப்பதாக யாரும் கொள்ளற்க. 1948இல் மு. வரதராசனார் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றது நம்மவர்க்குப் பெருந்திறப்பாயிற்று. தனிநாயக அடிகளார் அதற்குச் சில ஆண்டுகட்குப் பின், இலண்டன் பல்கலைக்கழகத்துக் கல்வியியல் நிறுவனத்தில், பழந்தமிழ் நூல்களிற் காணும் கல்விக் கருத்துக்களை ஆராய்ந்து பட்டம் பெற்றார். தமிழ்ப்புலமையும் கல்வியியலும் ஒருவரிடத்தே கூடலாம் என்பதற்கு அவரே சான்று. இன்று அவ்விரண்டும் வேறு வேறு கட்டடத்தில் இருக்கின்றன. தமிழ்த்துறையார்க்குப் பிள்ளை தெரியாது. கல்வித்துறையார் பலர்க்குத் தமிழிலக்கணம் தெரியாது. இடையில் ஒரு வழி போடவேண்டியிருக்கின்றது.

பட்டத்துக்காக மட்டும் பட்டம் தேடுவாரும் உளர். ஆய்வேட்டை எழுதிக்கொடுப்போம், அச்சிட்டுக் கட்டிக் கொடுப்போம் என்று விலைகூறுவார் பல்கலைக்கழக வாயில்களிலேயே கடை வைத்திருக்கின்றனர். அத்தகைய ஏட்டுக்கு நம் சங்கத்துப் பணம் ஒரு காசும் போதல் ஆகாது. ஆதலின் உதவி பெறுவோர் ஆண்டுக்கொருமுறை நம் மாத இதழில், தாம் கண்டதை எளிய தமிழில் நான்கு பக்கம் எழுதவேண்டும் என்று ஒரு விதி செய்வது நன்று. பிறர் எழுதிக்கொடுத்ததைத் தம்மவர் முன் விளக்குவது அரிது.

விதிகளையும் செலவையும் பற்றிச் சில கூறி முடிப்பேன். பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட விதிகளின்படி முனைவர் படிப்புக்குக் குறைந்த அளவு மூன்றாண்டு, மிகுந்த அளவு ஆறாண்டு. பெண்களுக்கு மேலும் இரண்டாண்டு நீட்டிப்பு உண்டு. மகப்பேற்றுக்கும் குழந்தை வளர்ப்புக்கும் 240 நாள் விடுப்பும் உண்டு. 'படித்துக்கொண்டேயிருந்தால் கல்யாணம் எப்பொழுது' என்று தாய்மார் வரிசையிலிருந்து ஒருவர் கேட்பது என் காதில் விழுகின்றது. அம்மா, இரண்டும் ஒருங்கே நடக்கலாம் என்றுதான் அவ்விதி எழுதப்பட்டிருக்கின்றது. முன்னர்ச் சொன்ன அம்மையாரும் இரு மக்களை வளர்த்தவரே. நாடளாவிய தகுதித் தேர்வில் உயர்ந்து தேறியவர்க்கு 2023 சனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை வகுக்கப்பட்டது. அதனைப் பெறுவோர் சிலரே. பெறாதவர்க்கே நம் நிதி. கல்வியியல், மொழியியல், தமிழ் ஆகிய எத்துறையில் இருந்தும் இதனை ஆராயலாம். 1969இல் மைசூரில் நிறுவப்பட்ட இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனமும், 1981இல் தஞ்சையில் தோன்றிய தமிழ்ப் பல்கலைக்கழகமும், 2008இல் சென்னையில் அமைந்த ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகமும் நம் இளைஞர் கேட்டறியத்தக்க இடங்கள். ஆய்வேட்டைத் தமிழிலேயே எழுதலாம். எழுதவேண்டும் என்பது என் கட்சி.

பணம் ஒருபுறம் இருக்க, அவ்வம்மை நம்மிடம் கேட்பது வேறொன்றும் உண்டு. பள்ளியிற் பதிவு செய்வதோடு, பிள்ளைகள் தம் வீட்டில் படிக்கும்பொழுதும் பக்கத்தில் இருந்து கேட்கவேண்டும் என்கின்றார். நம் அங்கத்தினர் வீடுகளில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் உள்ளவர், பெற்றோர் இருவரும் இசைந்தால், தம் பெயரைச் செயலாளரிடம் கொடுக்கலாம். பிள்ளையின் பெயர் எந்த ஏட்டிலும் வாராது. அவர் வரும் நாளில் பிள்ளைக்குப் புதுச்சட்டை போட்டுக் கூடத்தில் நிறுத்தித் திருக்குறளை ஒப்பிக்கச் செய்ய வேண்டா. காப்பி பலகாரத்துக்கு ஓடவும் வேண்டா. தடுமாறுகின்ற இடத்தில் பின்னால் நின்று சொல்லையும் எடுத்துக்கொடாதீர்கள். வழக்கம்போல் தரையில் உட்கார்ந்து, வழக்கம்போல் 'இருக்கு' என்றே படிக்கட்டும். அதைக் கேட்பதற்காகத்தான் அவர் வருகின்றார்.